தும்பும் முறுக்கும்

ஆட்டின் ரோமத்தைக் கத்தரித்துக் கழுவிச் சிக்கெடுத்து, வீட்டுக்குள்ளேயே கதிரில் நூற்று, அந்த நூலைக்கொண்டு குளிர்காலத்துக்கு வேண்டிய மேலாடைகளைத் தம் கையாலேயே பின்னிக்கொள்ளும் வழக்கம் ஸ்காட்லாந்து போன்ற குளிர்தேசங்களில் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்டு வருகிறது. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெற்று, மார்கழிப் பனியைக்கூட ஒரு மேல்துண்டோடு கழித்துவிடக்கூடிய நாஞ்சில் நாட்டாருக்குக் கம்பளியால் ஆகவேண்டிய காரியம் அதிகமில்லை. ஆயினும் வீட்டு முற்றத்தில் அமர்ந்து நார் எடுத்து நூற்கும் வித்தை இந்த மண்ணிலும் நெடுங்காலமாக உண்டு. அதற்கு மூலப்பொருளைத் தருவது ஆடு அன்று, தென்னை. ஈத்தாமொழி, இராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி, மணக்குடி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கரையோரக் கிராமங்களில் கதம்பையை ஊறவைத்து, அடித்துத் தும்பாக்கி, அத்தும்பைக் கயிறாகத் திரித்த பெண்களின் கைத்திறனுக்குள் அடங்கிக் கிடக்கும் பௌதிக, ரசாயன உண்மைகள், கம்பளி நூற்பாரின் திறனுக்குள் இருப்பவற்றைவிட எவ்வகையிலும் குறைந்தவை அல்ல என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

தேங்காயின் பச்சை வழவழப்பான மேல்தோலுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருப்பதே கதம்பை. கடலோர மரத்திலிருந்து விழும் காய் நீரில் மிதந்து வேறு கரையை அடைந்து முளைப்பதற்குத் துணையாக இயற்கை அமைத்த மிதவை அது. உயரத்திலிருந்து விழும்போது ஓடு உடைந்துபோகாமல் காப்பதும் அதுவே. அதற்குள் நார்களும், நார்களுக்கு இடைவெளியில் கார்க்கைப் போன்ற மெத்தென்ற துகளும் நெருங்கி நிறைந்திருக்கின்றன. தனித்து எடுத்த ஒரு நார் 10 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு முன்பின்னான பருமனும் கொண்டிருக்கும். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அந்த நாரும் உண்மையில் ஒன்றன்று. ஒரு மில்லிமீட்டர் நீளத்தையும் பெரும்பாலும் எட்டாத நுண்ணிய உயிரணுக்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கி ஒட்டி நிற்கும் ஒரு கட்டு அது. பருத்தி இழையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோஸாக இருக்க, தென்னந்தும்பிலோ நூற்றுக்கு நாற்பது பங்கு அளவில் லிக்னின் என்னும் பொருள் கலந்திருக்கிறது. மரத்தை மரமாக விறைத்து நிற்கச் செய்வது இந்த லிக்னினே. ஆகவே தும்பைத் தொடுகிறவன், இழையாக மெலிந்துவிட்ட மரத்தையே தொடுகிறான் என்று சொன்னாலும் பிழையில்லை.

கதம்பையிலிருந்து தும்பைப் பிரித்தெடுக்கும் காரியத்தைப் பழைய முறையில் மனிதன் தானாகச் செய்வதில்லை; கண்ணுக்குத் தெரியாத கிருமிகளிடம் ஒப்படைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறான். பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடிக் காயல், இராஜாக்கமங்கலத்துக் கழிமுகம், 1860-இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயின் நீர் தங்கிய பகுதிகள் ஆகியவற்றில் கதம்பைகளைக் குவித்து, மேலே ஓலையும் சேறும் சுமத்தி, நீருக்குள் அமிழ்த்தி வைப்பார்கள். ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை அவை அங்கேயே கிடக்கும். கொத்தனார் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பூசும் சுண்ணாம்புச் சாந்தைப் போல நாருக்கும் துகளுக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைத்திருப்பது பெக்டின் என்னும் பசைப்பொருள். பிராணவாயு எட்டாத அந்தச் சேற்றடியில் பெருகும் பாக்டீரியாக்கள் இந்தப் பெக்டினைத் தின்று கரைத்துவிடுகின்றன. ஆனால் லிக்னினைக் கரைக்கும் வல்லமை அவற்றுக்குக் கிடையாது. பசை அழிந்து நார் பிழைத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த வல்லமைக் குறைவே. கிருமிகள் எதை உண்ணும், எதை உண்ணாது என்ற வித்தியாசத்தின்மேல் ஒரு தொழிலே எழுந்து நிற்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உப்பும் நன்னீரும் கலந்த காயல் நீரையே இதற்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கதம்பையை நீரில் இட்டவுடன் அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கசிந்து வெளிவரும். பீனால் வகையைச் சேர்ந்த இவை தேங்கிநின்றால் கிருமிகளின் வேலையைத் தடுப்பதோடு நாரின் மேலும் படிந்து அதைக் கறுக்கச் செய்துவிடும். நாள்தோறும் இருமுறை ஏறியிறங்கும் கடலோதம் அவற்றை அலசிக்கொண்டு போவதால்தான் காயலில் ஊறிய தும்பு பொன்னிறமாகவும், அசையாத குட்டையில் ஊறியது மங்கிய நிறமாகவும் அமைகின்றன. பாக்டீரியாவின் பெயரைக்கூட உலகம் அறியாத காலத்தில், எந்த நீரில் எத்தனை மாதம் என்று நிர்ணயம் செய்த முன்னோர்கள், கண்ணையும் மூக்கையும் கையையுமே ஆய்வுக் கருவிகளாகக் கொண்டிருந்தார்கள்.

அந்த மூக்கு அனுபவித்த துன்பமும் சாமானியமானதன்று. கடல்நீரில் ஸல்பேட்டு உப்புகள் மிகுதி; பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அந்த ஸல்பேட்டைப் பயன்படுத்திச் சுவாசித்து, ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் நாற்ற வாயுவை வெளியிடுகின்றன. ஊறிய கதம்பையின் அழுகிய முட்டை வாடை இதனால் வருவதே. இந்த வாயு வெள்ளியோடு சேர்ந்தால் கருநிறமான வெள்ளி ஸல்பைடு உண்டாகும். ஊறல் நீரில் இறங்கி வேலை செய்கிறவர்கள் அணிந்த வெள்ளி நகை கறுத்துப்போவது இந்த ரசாயன விளைவினாலேதான். கதம்பை மிகுதியாக ஊறும் நீரில் பிராணவாயு குன்றி மீன்குஞ்சுகள் மடிகின்றன என்பதும், மணிக்கணக்கில் அந்நீரில் நிற்கும் பெண்களுக்குத் தோல்நோய்கள் வருகின்றன என்பதும் நாம் மறைக்கக்கூடாத உண்மைகள். கேரளத்தில் கலவூரிலுள்ள மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையத்தார், தேர்ந்தெடுத்த பாக்டீரியாக்களை வளர்த்துத் தொட்டிகளில் சேர்த்து ஊறற்காலத்தைக் குறைக்க முயன்று வருவது இந்தக் காரணத்தால் மிகவும் வரவேற்கத் தக்கது.

ஊறி முடிந்த கதம்பையின் மேல்தோலை உரித்து, கட்டையின்மேல் வைத்து மரத்தடியால் அடித்தால் துகள் உதிர்ந்து தும்பு நிற்கும். ஆயிரம் கதம்பைக்கு எண்பது கிலோ அளவில் தும்பு கிடைப்பதாகக் கணக்கு. அதை நிழலில் உலர்த்தி உதறிய பின்னரே திரிக்கும் வேலை தொடங்குகிறது. முற்றிலும் கையால் திரிப்பவர், சிறு பிடித் தும்பை எடுத்து இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே உருட்டி முறுக்கி, அப்படி முறுக்கிய இரண்டு புரிகளை ஒன்றோடொன்று சேர்த்து எதிர்ப்பக்கமாக உருட்டிவிடுகிறார். ராட்டில் திரிப்பதானால் மூவர் வேண்டும். ஒருவர் ராட்டைச் சுற்ற, இருவர் தும்பை மடியிலோ கக்கத்திலோ இடுக்கிக்கொண்டு, ராட்டின் கொக்கியில் முனையை மாட்டி, விரல்களால் தும்பைச் சீராக விட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்து செல்வார்கள். தோப்பின் நிழலில் நீளமாக விட்டிருக்கும் அந்த நடைபாதையின் எல்லையை அடைந்ததும், இரு புரிகளையும் மற்றொரு ராட்டில் மாட்டி, வரிப்பள்ளம் வெட்டிய மரக்கட்டை ஒன்றை இடையில் பிடித்து, மறுதிசையில் முறுக்கேற்றுவார்கள். ஒரே பருமனும் ஒரே முறுக்கும் இழை நெடுக மாறாமல் வரவேண்டுமானால், எத்தனை நார் ஒவ்வொரு அடிக்கும் விரலைவிட்டுப் போகவேண்டும் என்பதைப் பின்னோக்கி நடக்கும் பெண் கண்ணால் பாராமலே அறிந்திருக்க வேண்டும். எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதிவிட முடியாத அறிவு அது.

இங்கே ஓர் ஆதாரமான கேள்வி எழுகிறது. ஒரு சாண் நீளமுள்ள நார்களை மட்டும் கொண்டு, பசையோ முடிச்சோ இல்லாமல், நூறு முழக் கயிறு உண்டாவது எப்படி? அக்கயிற்றின் ஒரு முனையைத் தொடும் நார் எதுவும் மறுமுனையை எட்டுவதில்லை; இருந்தும் ஒரு முனையில் கொடுத்த இழுப்பு மறுமுனைக்குக் குறையாமல் போய்ச் சேர்கிறது. இந்தக் கேள்வி அற்பமானதன்று. 1638-இல் வெளிவந்த தம் கடைசிப் பெரு நூலில், பொருள்களின் வலிமையைப் பற்றிய விசாரணையைத் தொடங்கும்போதே கலீலியோ இதை எடுத்துக்கொண்டிருக்கிறார். முறுக்கினால் நார்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன என்பதே அவர் கண்ட விடை. பிற்காலத்து விஞ்ஞானம் அந்த விடையை மறுக்கவில்லை, விரித்து விளக்கியது.

முறுக்கிய புரியில் ஒவ்வொரு நாரும் கொடி பந்தற்காலைச் சுற்றுவது போன்ற ஒரு சுருள்பாதையில் செல்கிறது. புரியை நீளவாட்டில் இழுக்கும்போது, சுருண்ட நார் நேராக நிமிர முயல்கிறது. நிமிர வேண்டுமானால் நடுவை நோக்கி நெருங்க வேண்டும். அப்படி நெருங்கும் முயற்சியில் தனக்கு உள்ளே இருக்கும் நார்களை அழுத்துகிறது. அழுத்தம் மிகுந்தால் உராய்வு மிகும். உராய்வு மிகுந்தால் வழுக்கிப் பிரிதல் அரிதாகும். ஆகவே கயிற்றை எவ்வளவு வலிமையாக இழுக்கிறோமோ அவ்வளவு வலிமையாக அது தன்னைத்தான் பிடித்துக்கொள்கிறது. பிரிக்க முயலும் சக்தியே பிணைக்கும் சக்தியாக மாறும் இந்த அமைப்பைப்போல் எளிமையும் ஆழமும் ஒருங்கே கொண்ட யுக்தி மனிதன் கண்டவற்றுள் மிகச் சிலவே.

ஆனால் கூர்ந்து நோக்குகிறவருக்கு ஒரு சந்தேகம் வரலாம். மேற்புறத்து நார்கள் உட்புறத்தை அழுத்துவது சரி. மேற்புறத்து நார்களை யார் அழுத்துவது? அவை உரிந்து போய்விட வேண்டுமல்லவா? இதற்கு விடை, எந்த நாரும் தன் நீளம் முழுவதும் மேற்புறத்திலேயே இருப்பதில்லை என்பதாகும். வெளிப்பக்கம் செல்லும் நார் ஒரு சுற்றுக்கு நீண்ட வழி செல்லவேண்டியிருப்பதால் அதிகமாக இழுபடுகிறது. இழுபட்டது உள்ளே புகுகிறது. உள்ளே தளர்ந்து கிடந்தது வெளியே தள்ளப்படுகிறது. இப்படி ஒவ்வொரு நாரும் சிறிது தூரம் வெளியேயும் சிறிது தூரம் உள்ளேயும் மாறிமாறிச் செல்வதால், மேலே இருக்கும் பகுதியை உள்ளே புதைந்த பகுதி பிடித்துக்கொள்கிறது.

சுற்றினால் உராய்வு எவ்வளவு பெருகும் என்பதைக் குளச்சல் கடற்கரையில் வள்ளத்துக் கயிற்றைக் கட்டையில் சுற்றிப் பிடிக்கும் எந்த மீனவரும் அறிவார். கணக்காகக் கண்டவர்கள் ஆய்லர், ஐடல்வைன் என்னும் அறிஞர்கள். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிறு கையின் பலத்தை ஏறக்குறைய ஆறரை மடங்கு ஆக்கும். இரண்டு சுற்று 43 மடங்கு. மூன்று சுற்றோ 285 மடங்கு. கூட்டலாகப் பெருகாமல் பெருக்கலாகப் பெருகும் இந்த விதியே, மற்ற நார்களை வளைத்துச் செல்லும் ஒற்றைத் தும்பின் பிடிப்பையும் மிகைப்படுத்துகிறது.

அப்படியானால் முறுக்கு ஏற ஏற வலிமையும் ஏறிக்கொண்டே போகுமா என்றால், இல்லை. நார் சாயச் சாய, அதன் வலிமையில் கயிற்றின் திசைக்கு உதவும் பங்கு குறைகிறது. சாய்வுக் கோணத்தின் கோசைன் மதிப்பின் வர்க்கத்தை ஒட்டி இந்தக் குறைவு நிகழ்கிறது என்று கொள்ளலாம். 30 பாகைச் சாய்வில் முக்கால் பங்கும், 45 பாகையில் அரைப் பங்குமே மிஞ்சும். முறுக்கு குறைந்தால் நார் வழுக்கும், மிகுந்தால் நார் வீணாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிகரம் உண்டு. ஆட்டுரோமம் நூற்பவரும், தக்ளியில் பஞ்சு நூற்பவரும், ஈத்தாமொழியில் தும்பு திரிப்பவரும் தம் விரல் நுனியால் தேடுவது அந்த ஒரே சிகரத்தைத்தான்.

முறுக்கிய ஒற்றைப் புரியை விட்டுவிட்டால் அது அவிழ்ந்துபோகும். தொய்யவிட்டால் தானே சுருண்டு முடிச்சிட்டுக்கொள்ளும். அதற்குள் திருகுவிசை அடைபட்டிருப்பதே காரணம். ஒரே திசையில் முறுக்கிய இரு புரிகளை இணைத்து எதிர்த்திசையில் முறுக்கினால், ஒவ்வொன்றும் தன்னை அவிழ்த்துக்கொள்ள முயலும் முயற்சியே மற்றொன்றோடு அதை மேலும் இறுக்கிவிடும். அவிழ விரும்பும் இரண்டு சேர்ந்து அவிழாத ஒன்று ஆகிறது. இதைக் கண்டுபிடித்தவர் யார், எந்த நாட்டார் என்று கேட்பதும் வீண். பிரான்ஸ் தேசத்தில் ஆப்ரி து மரா என்னும் பாறைக்குடிலில் கிடைத்து 2020-இல் அறிவிக்கப்பட்ட நுண்ணிய கயிற்றுத் துணுக்கு, 41,000 முதல் 52,000 ஆண்டுகள் பழமையுடையது. மரப்பட்டை நாரால் ஆன மூன்று புரிகளை ஒரு பக்கமாக முறுக்கிப் பின் மறுபக்கமாக இணைத்திருந்த அதைச் செய்தவர்கள், நமக்கும் முந்தி அவ்விடத்தில் வாழ்ந்த நியாண்டர்தால் மக்கள். இராஜாக்கமங்கலத்தில் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே இன்று உருளும் புரியிலும் அதே எதிர்முறுக்கு இருக்கிறது.

இனி நாருக்குள்ளே பார்ப்போம். தும்பின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் நேராகச் செல்லாமல் சுருளாகச் சுற்றிச் செல்கின்றன. அந்தச் சுருளின் சாய்வு ஏறக்குறைய 30 முதல் 49 பாகை. சணலையொத்த ஆளிநாரில் இச்சாய்வு பத்துப் பாகை அளவே ஆகையால் அது இரண்டு மூன்று விழுக்காடு நீள்வதற்குள் அறுந்துவிடும். தென்னந்தும்போ 15 முதல் 40 விழுக்காடு வரை நீண்ட பிறகே அறும். இழுக்கும்போது உள்ளே இருக்கும் சுருள்கள் வில்லைப்போல் விரிந்து கொடுப்பதே இதன் இரகசியம். பெண்கள் முற்றத்தில் செய்யும் முறுக்குக்கு முன்பே, மரம் தன் உயிரணுவுக்குள் ஒரு முறுக்கைச் செய்து வைத்திருக்கிறது.

கம்பளியும் இவ்வாறே நீளக்கூடியது. ஆனால் அங்கே சுருண்டிருப்பது கெராட்டின் என்னும் புரதத்தின் அணுச்சங்கிலி. லீட்ஸ் நகரத்தில் ஆஸ்ட்பரி என்னும் விஞ்ஞானி 1930-களில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, இழுத்த ரோமத்தின் உள்ளமைப்பு மாறிவிடுவதைக் கண்டார். அந்தச் சங்கிலியின் சரியான சுருள் வடிவத்தை 1951-இல் பாலிங் என்னும் விஞ்ஞானியின் குழுவினர் வெளியிட்டார்கள். கம்பளி இழைக்கு மேலும் இரண்டு சௌகரியங்கள் உண்டு. அதன் மேற்பரப்பில் மீன்செதிள் போன்ற அடுக்குகள் இருப்பதால் ஒன்றையொன்று கவ்வும். இழையின் இரு பாதிகளும் வேறுவேறு இயல்புடையவை ஆதலால் அது தானே நெளிந்து நெளிந்து வளரும். பருத்தி இழையோ உலரும்போது தட்டையாகித் திருகிக்கொள்கிறது. தென்னந்தும்புக்கு இந்தச் செதிளும் இல்லை, நெளிவும் இல்லை, திருகலும் இல்லை. உறைப்பான, விறைப்பான, நேரான நார் அது. நூற்பதற்கு இவ்வளவு இசையாத ஒரு பொருளை நூலாக்கிக் காட்டுவதால், கம்பளி நூற்பவரைவிடத் தும்பு திரிப்பவருக்கே நான் முதல் மரியாதை செய்வேன்.

அவ்வாறு நூற்ற நூலிலிருந்து ஆடை பின்னுவது வேறொரு கலை. கம்பளிச் சட்டை இழுத்தால் நீள்வதற்கு, நூல் நீள்வது முக்கிய காரணமன்று. வளையத்துக்குள் வளையமாகக் கோத்த கண்ணிகள் வடிவம் மாறிக்கொடுப்பதே காரணம். தும்புக் கயிற்றில் அவ்வளவு நெருக்கமான கண்ணி அமையாது. ஆனால் நூலை நுட்பமாகப் பிணைக்கும் கலை நாஞ்சில் நாட்டுக்கு அந்நியமன்று. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்து, திண்டின்மேல் ஊசி நட்டுச் சிறு உருளைக்கட்டைகளால் நூலை மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ் வேலையைப் பெண்களுக்குக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு முன்னரே, இந்தப் பின்னலில் ஈட்டிய பணத்தைக் கொடுத்து விடுதலை பெற்ற பெண்கள் உண்டு. நூலின் சரித்திரத்தில் இதைவிட உயர்ந்த உபயோகம் அதற்கு வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

தும்புக் கயிற்றின் உபயோகம் பெரும்பாலும் கடலையே சார்ந்தது. லிக்னின் மிகுந்திருப்பதால் உப்புநீரிலும் அது எளிதில் மக்காது. நாரின் நடுவே வெற்றிடம் இருப்பதால் கனமற்றது. அலை இழுக்கும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை உண்டுவிடும். ஆணி அறையாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய கலங்கள் அரபிக்கடலில் நெடுங்காலம் ஓடின. நம் கரையிலும் கட்டுமரத்தைப் பிணைக்கவும் கரமடி இழுக்கவும் அக்கயிறே உதவியது. பின்னர் நைலான் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தும்பு உரிக்கும் ஆலைகள் வந்து மரத்தடியை நிறுத்தின. மின்சார ராட்டு வந்து நடைபாதையைச் சுருக்கியது. நாற்றத்திலும் சேற்றிலும் நின்ற உழைப்பு குறைவதை யாரும் வெறுக்கமாட்டார்கள்; ஆனால் விரலில் இருந்த அறிவையும் கூடவே இழந்துவிடுவது வேதனைக்குரியது. முன்பு கழிவாகக் குவிந்து கிடந்த துகளோ, தன் எடையைப்போல் எட்டு மடங்கு அளவுக்கு நீரைத் தாங்கும் என்பது தெரிந்தபின், செடி வளர்க்கும் ஊடகமாகக் கப்பலேறிப் போகிறது.

இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கைப்பிடித் தும்பைச் சற்று நனைத்து, பத்துப் பதினைந்து நார்களை எடுத்து, ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை வலப்பக்கமாக முறுக்குங்கள். நார் முடியும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே புது நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகிவிட வேண்டும். எல்லா நார்களும் ஓரிடத்திலேயே முடிந்தால் கயிறு அங்கேயே அறும். இரண்டு முழம் ஆனதும் நடுவில் பிடித்து இரண்டாக மடித்து, நடுவை விட்டுவிடுங்கள். கை தொடாமலே இரு பாதிகளும் இடப்பக்கமாக ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். சிறிதாக முறுக்கியது ஒன்று, நடுத்தரமாக முறுக்கியது ஒன்று, வெட்டிவெட்டிச் சுருளும் அளவுக்கு முறுக்கியது ஒன்று என மூன்று கயிறுகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அறும்வரை நீரை ஊற்றி அளந்தால், முதலாவது நார் வழுக்கி உருவிக்கொண்டும், மூன்றாவது நார் தெறித்து ஒடிந்தும் போக, நடுவிலுள்ளதே அதிக நீரைத் தாங்குவதைக் காணலாம்.